சிறை பங்க்கில் பெட்ரோல் போடுகிறவருக்கு என்ன கூலி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

புழலேரிக்கரை | ஞாயிறு, இரவு 9.10

வீடு புழல், வேலை அம்பத்தூர் எஸ்டேட். போற வழியில சிறைத்துறை நடத்துற பெட்ரோல் பங்க். பெட்ரோல் போடுறது கைதிங்கதான். ரெண்டு வருஷமா அங்கதான் வண்டிக்குப் போடுறேன். அளவு சரியா இருக்கும். நாம கேக்குறதுக்கு முன்னாடியே "ஜீரோ பாத்துக்கங்க"ன்னு சொல்லிட்டுத்தான் கன்னை எடுப்பாங்க. எங்க தெருவுல பாதிப் பேர் அங்கதான் போடுறாங்க.

போன வியாழக்கிழமை 190 ரூபாய்க்குப் போட்டேன். காசு வாங்குறது பக்கத்துல உக்காந்திருக்குற காவலர். அவர் மீதி குடுத்த பத்து ரூபாயை, பெட்ரோல் போட்ட அண்ணன்கிட்ட நீட்டினேன். அம்பது வயசு இருக்கும் அவருக்கு. சட்டுன்னு ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டார். அடிக்க ஓங்கினா சின்னப் பசங்க கையை இழுத்துக்குவாங்களே, அந்த வேகம். "வேணாம் தம்பி, நாங்க காசு தொடக் கூடாது"ன்னார்.

"சம்பளம் எவ்வளவுண்ணே தராங்க"ன்னு கேட்டேன். காவலர் பக்கம் ஒரு தடவை பாத்தார். அப்புறம் எனக்குப் பின்னால நின்ன ஸ்கூட்டியைப் பார்த்து "வாங்கம்மா"ன்னுட்டார்.

மூணு நாளா அந்தக் கை மனசுலயே நிக்குது. அவர் அங்க விருப்பப்பட்டுதான் நிக்கிறாரா? அவருக்கு என்ன கிடைக்குது? ஜெயில் பேக்கரியில வாங்குற என் அறுபது ரூபா ரொட்டி, இருநூறு ரூபா பெட்ரோல் இதெல்லாம் அவருக்கு உதவியா, இல்ல அவர் உழைப்பைச் சும்மா வாங்கிக்கிற வேலையில நானும் ஒரு பங்காளியா? உண்மையாத் தெரிஞ்சுக்கணும்னுதான் கேக்குறேன்.

கறுப்புக் கோட்டு | ஞாயிறு, இரவு 9.52

உயர் நீதிமன்றத்தில் குற்றவியல் வழக்குகள் நடத்துகிறேன். சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் முதலில் சொல்கிறேன்.

"ஏழு ஆண்டு கடுங்காவல்" என்று தினமும் பேப்பரில் படிக்கிறோம். கடுமையான காவல், கெடுபிடியான அறை என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டத்தில் அதன் பொருள் வேறு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 4ஆம் பிரிவு, இரண்டுமே சொல்வது "கடின உழைப்போடு கூடிய சிறை". அதாவது உழைப்பே தண்டனையின் பாகம். தமிழ்ச் சொல்லில் அந்த உழைப்பு மறைந்துபோய்விட்டது. அதனால்தான் கைதி வேலை செய்வது ஏதோ சிறைத்துறையின் சலுகை மாதிரி நமக்குத் தோன்றுகிறது.

வெறுங்காவல் பெற்றவரையும் விசாரணைக் கைதியையும் வேலை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்களாக விரும்பினால் செய்யலாம். கடுங்காவல் பெற்றவருக்கு அந்த உரிமை இல்லை.

இது அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு ஆகாதா? இந்தக் கேள்விக்கு 1998இல் குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது: கடுங்காவல் கைதியை அவர் சம்மதம் இல்லாமலும் வேலை வாங்கலாம், ஆனால் நியாயமான கூலி கொடுத்தே ஆக வேண்டும், அதை நிர்ணயிக்க ஒவ்வொரு மாநிலமும் ஒரு குழு அமைக்க வேண்டும், கூலியில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கச் சட்டம் இயற்ற வேண்டும்.

"நியாயமான கூலி" என்ற சொல்லைக் கவனியுங்கள். "குறைந்தபட்சக் கூலி" என்று நீதிமன்றம் சொல்லவில்லை. இதே உச்ச நீதிமன்றம் 1982இல், டெல்லி ஆசிய விளையாட்டுக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினாலே அது கட்டாய உழைப்பு என்று சொல்லியிருந்தது. சுவருக்கு வெளியே இருப்பவனுக்கு ஒரு அளவுகோல், உள்ளே இருப்பவனுக்கு இன்னொன்று. பதினெட்டு வருடமாக கோர்ட்டுக்குப் போகிறேன், இந்த இடம் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

நேர்மை_நேர்மை | ஞாயிறு, இரவு 10.20

எனக்கு உறுத்தல சார். கொலை பண்ணவன், கற்பழிச்சவன் உள்ள இருக்கான். அவனுக்கு மூணு வேளை சோறு, டாக்டர், துணி, எல்லாம் என் வரிப்பணம். நான் தண்டையார்பேட்டையில வாடகை வீட்டுல இருந்து காலைல அஞ்சு மணிக்கு எழுந்து ஓடுறேன். தப்பே பண்ணாதவன் நாயா அலையுறான், தப்பு பண்ணவனுக்கு நியாயமான கூலியா? உழைக்கட்டும். உழைச்சு அவன் சோத்துக்கு அவனே சம்பாதிக்கட்டும். இதுல என்ன தப்பு? கோவத்துல எழுதல, நிஜமாவே கேக்குறேன்.

பழைய வார்டர் | திங்கள், காலை 6.05

வணக்கம். சிறைக் காவலரா 31 வருஷம். சென்ட்ரல் ஸ்டேஷன் எதிர்ல இருந்த பழைய ஜெயில்ல சேர்ந்தேன். 2006ல புழலுக்கு மாறினப்ப கைதிகளோட நாங்களும் மூட்டை கட்டிக்கிட்டு வந்தோம். பழைய கட்டடத்தை இடிச்சு அந்த இடத்தை மருத்துவக் கல்லூரிக்குக் குடுத்தாச்சு.

நேர்மை தம்பி, நீங்க கேட்டது நியாயமான கேள்வி. நானும் சேர்ந்த புதுசுல அப்படித்தான் நினைச்சேன். உள்ள இருந்து பாத்ததைச் சொல்றேன்.

சாயந்திரம் ஆறு மணிக்கு லாக்கப். காலைல ஆறு மணிக்குத் திறப்போம். நடுவுல இருக்குற பகல்ல வேலை இல்லாதவன் என்ன செய்வான்? சுவத்தைப் பாப்பான். வீட்டை நினைப்பான். பீடிக்கு அடிச்சுப்பான். எங்களுக்கு ஞாயித்துக்கிழமைதான் பயமான நாள், ஏன்னா அன்னிக்குத் தொழிற்கூடம் கிடையாது. சண்டையும் கையை அறுத்துக்குறதும் அன்னிக்குத்தான் அதிகம். தையல் பகுதிக்கு ஒரு இடம் காலியானா, எனக்குக் குடுங்கன்னு பத்து பேர் மனு எழுதிட்டு நிப்பாங்க. பேக்கரிக்கு இன்னும் போட்டி, அந்த வாசனைக்கே. விசாரணைக் கைதிகளை வேலைக்குக் கூப்பிட முடியாது, அவங்களே வந்து "ஐயா ஏதாவது குடுங்க, பைத்தியம் பிடிக்குது"ன்னு கேப்பாங்க.

அதனால, வேலை குடுக்குறதே கொடுமைன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். வேலை அவனை மனுஷனா வச்சிருக்கு. வேலை செஞ்சா தண்டனை நாளும் குறையும், அதுக்குக் கணக்கு இருக்கு.

ஆனா கூலி விஷயத்துல நான் வாய் திறந்து பெருமையா பேச முடியாது. என் சர்வீஸ்ல முக்கால்வாசி நாள் அது கூலின்னு சொல்ற மாதிரி இருந்ததில்ல. பின்னாடி கூட்டினாங்க. கூட்டினதுல சாப்பாடு, துணிக்குன்னு ஒரு பங்கு போகும், பாதிக்கப்பட்டவங்க நிதிக்குன்னு ஒரு பங்கு போகும், மிச்சம் அவன் கணக்குல ஏறும்.

பங்க்ல உங்ககிட்ட காசு வாங்காததுக்கும் காரணம் சொல்றேன். கைதி கையில ரொக்கம் இருந்தா விதிமீறல். அந்தப் பத்து ரூபாயால அவர் பங்க் வேலை போயிடும், நன்னடத்தையும் போயிடும். பங்க்குக்கு எல்லாரையும் அனுப்ப மாட்டாங்க, பல வருஷம் ஒழுங்கா இருந்தவனைத்தான் அனுப்புவாங்க. வாசலுக்கு வெளியே நின்னு ரோட்டையும் பஸ்ஸையும் பாக்குறது அவனுக்கு எவ்வளவு பெருசுன்னு உங்களுக்குப் புரியாது. தயவுசெய்து இனிமே நீட்டாதீங்க.

புழலேரிக்கரை | திங்கள், காலை 8.15

ஐயா, தெரியாம செஞ்சுட்டேன். இனிமே செய்ய மாட்டேன். கை அவ்வளவு வேகமா பின்னால போனது இப்ப புரியுது.

தறிக்காரர் மகள் | திங்கள், இரவு 11.30

இதை எழுதலாமா வேணாமான்னு காலைலருந்து யோசிச்சேன்.

எங்க அப்பா ஆயுள் கைதி. குடும்பச் சண்டையில ஒரு உயிர் போச்சு. அவர் செஞ்சது தப்பு, நான் அதுக்கு வக்காலத்து வாங்க வரல. ஒரு மத்திய சிறையில (எதுன்னு சொல்ல விரும்பல) பதினொரு வருஷம் தறி ஓட்டினார். உள்ள போறப்ப அவருக்குத் தறின்னா என்னன்னே தெரியாது, ஹார்பர்ல லோடு ஏத்துனவர்.

அம்மாவும் நானும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை மனு போட்டுப் பாக்கப் போவோம். நடுவுல கம்பி வலை, ரெண்டு பக்கமும் கூட்டம் கத்தும், எதுவும் சரியா கேக்காது. அப்பா பேசவே மாட்டார், உள்ளங்கையை வலையில வச்சுக் காட்டுவார். இந்தப் பக்கம் நான் என் கையை வைப்பேன். சுமை தூக்கின காய்ப்பு உள்ளங்கையில இருந்து மெல்ல மெல்ல விரல் நுனிக்கு வந்துச்சு, நாடா இழுத்து இழுத்து. நான் எட்டாவது படிக்கிறப்ப அவர் கூலியில இருந்து 1,500 ரூபா ஸ்கூல் ஃபீஸுக்கு அனுப்பினார். அந்த ரசீதை அம்மா சாமி படத்துக்குப் பின்னாடி வச்சிருந்தாங்க. அந்தப் பணத்துக்கு எங்க வீட்டுல இருந்த மரியாதையை என்னால சொல்லிப் புரிய வைக்க முடியாது.

அதனால வார்டர் ஐயா சொன்னதை ஏத்துக்குறேன். வேலை இல்லாம இருந்திருந்தா அப்பா உயிரோட வெளிய வந்திருக்க மாட்டார்.

ஆனா ரெண்டு விஷயம்.

ஒண்ணு, கணக்கு. அப்பா எத்தனை நாள் தறியில உக்காந்தார்னு ஒரு பழைய காலண்டர் அட்டையில கோடு போட்டு வச்சிருந்தார். அஞ்சஞ்சா கட்டி, மேல ஒரு குறுக்குக் கோடு. விடுதலை அன்னிக்குக் குடுத்த தொகை அந்தக் கோட்டுக்குப் பக்கத்துலயே வரல. சாப்பாட்டுக்கு எவ்வளவு, நிதிக்கு எவ்வளவு, வேலை நாள் எவ்வளவுன்னு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல. கேட்டதுக்கு "வெளிய போறப்ப எதுக்குப்பா வம்பு"ன்னு ஒருத்தர் நல்லெண்ணத்துலயே சொன்னாராம். அப்பா கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டார். பொய்க் கணக்குன்னு நான் சொல்ல வரல. எங்களுக்குத் தெரியாது. தெரியாதுங்கறதுதான் என் குறையே.

ரெண்டாவது, நேர்மை அண்ணனுக்கு. உழைச்சு சோத்துக்குச் சம்பாதிக்கட்டும்னு சொன்னீங்க. அப்பா பிளாக்ல சிலர் வேலைக்கே போகாம இருந்தாங்க, உடம்பு சரியில்லன்னு எழுதி வாங்கிட்டு. அவங்களுக்கும் அதே சோறுதான், யாரும் காசு கேக்கல. தறியில ஒன்பது மணி நேரம் உக்காந்தவர் மட்டும் தன் சாப்பாட்டுக்குத் தன் கூலியில காசு கட்டினார். உழைக்கிறவன்கிட்ட மட்டும் சாப்பாட்டுக்குப் பணம் வாங்குற வீட்டை வெளிய எங்கயாவது பாத்திருக்கீங்களாண்ணா?

நேர்மை_நேர்மை | செவ்வாய், காலை 7.40

இல்லம்மா. அந்தக் கோணத்துல நான் யோசிச்சதே இல்ல. கொஞ்சம் டைம் குடுங்க.

அம்பத்தூர் ஓவர்லாக் | செவ்வாய், மதியம் 1.15

சாப்பாட்டு நேரத்துல எழுதுறேன். 22 மிஷின் வச்சு யூனிஃபார்ம் தைக்கிறேன். என் பக்கத்துக் கதையும் கேளுங்க, யாரும் இதைப் பேச மாட்டேங்குறீங்க.

என் டெய்லருக்கு நான் கூலி, பி.எஃப், இ.எஸ்.ஐ, தீபாவளி போனஸ் எல்லாம் குடுக்கணும். ஷெட் வாடகை, கரண்ட். சிறையில வாடகை இல்ல, பி.எஃப் இல்ல, கூலி என் பொண்ணுங்களுக்குக் குடுக்குறதுல ஒரு பகுதி. போலீஸ் பூட்ஸ் வேலூர் ஜெயில்ல, துணி கோயம்புத்தூர் ஜெயில்ல, கவர், ஃபைல் மத்த ஜெயில்லன்னு அரசாங்கமே அரசாங்கத்துக்கு விக்குது. நான் அந்த விலைக்கு எப்படி நிப்பேன்? கைதியோட கூலி குறைஞ்சா நஷ்டம் கைதிக்கு மட்டும்னு நினைக்காதீங்க. என்கிட்ட மிஷின்ல ஊசி மாத்தத் தெரிஞ்ச ஒரு விதவைப் பொண்ணு இருக்கு, அந்தப் பொண்ணு கூலியையும் அது கீழே இழுக்குது.

ஜெயில் தொழிற்கூடத்தை மூடுங்கன்னு நான் கேக்கல. வெளிய இருக்குற அதே கூலியை உள்ளயும் குடுத்துட்டு என்கூடப் போட்டிக்கு வாங்க. அப்ப தோத்தா என் சாமர்த்தியம் பத்தலைன்னு ஒத்துக்குறேன்.

தறிக்காரர் மகளுக்கு: அப்பா இப்ப என்ன பண்றாரும்மா?

தறிக்காரர் மகள் | செவ்வாய், மாலை 6.50

மாதவரத்துல ஒரு குடோன்ல நைட் வாட்ச்மேன், சார். பதினொரு வருஷம் கத்துக்கிட்ட தறிக்கு வியாசர்பாடியில என்ன வேலை? காஞ்சிபுரம் பக்கம் ரெண்டு இடத்துல கேட்டாங்க, எங்க கத்துக்கிட்டீங்கன்னு. அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது.

அம்பத்தூர் ஓவர்லாக் | செவ்வாய், இரவு 9.00

நெசவு எனக்கு உதவாதும்மா. கட்டிங் டேபிள்ல துணி விரிக்க, லேயர் போட ஆள் வேணும், அதுக்குத் துணி தெரிஞ்ச கை இருந்தா போதும். பகல் வேலை. கேட்டுச் சொல்லுங்க. எங்க கத்துக்கிட்டார்னு இங்க யாரும் கேக்க மாட்டாங்க.

ஃப்ரீமான்ட் தமிழன் | புதன், காலை 5.30

கலிஃபோர்னியாவில் இருக்கிறேன், சொந்த ஊர் பெரம்பூர். இங்கே நடப்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்த 13ஆவது திருத்தம் 1865இல் வந்தது. அதிலேயே ஒரு ஓட்டை: "குற்றத்துக்குத் தண்டனையாக இருந்தால் தவிர". அதை வைத்துத் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களைச் சின்னச் சின்னக் குற்றத்துக்கெல்லாம் பிடித்து உள்ளே போட்டு, பண்ணைக்கும் சுரங்கத்துக்கும் ரயில் பாதைக்கும் குத்தகைக்கு விட்டார்கள். பழைய அடிமைக்காவது முதலாளி விலை கொடுத்திருந்தான், செத்தால் அவனுக்கு நஷ்டம். குத்தகைக் கைதி செத்தால் அடுத்தவன் வருவான். இன்றும் டெக்சாஸ் சிறையில் பெரும்பாலான வேலைக்குக் கூலியே கிடையாது. கலிஃபோர்னியாவில் காட்டுத்தீயை அணைக்க மலை ஏறும் கைதிகளின் அன்றாடக் கூலி பல வருடம் 5 முதல் 10 டாலர் வரை இருந்தது. அந்தத் தீ என் வீட்டிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எரிந்திருக்கிறது, ஆரஞ்சு உடையில் அவர்கள் வண்டியிலிருந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். 2024 நவம்பரில் சிறைக் கட்டாய உழைப்பைத் தடை செய்யலாமா என்று மக்களிடம் ஓட்டுக்கு விட்டார்கள். மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

கட்டாயம் என்று ஒன்று இருக்கும்வரை, சிறையை நிரப்பினால் யாருக்கோ லாபம் என்ற நிலைமை வந்தே தீரும். அந்த "தவிர" என்ற சொல்லைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

கறுப்புக் கோட்டு | புதன், காலை 9.20

நீங்கள் சொன்ன வரலாறு சரி. ஆனால் அப்படியே இங்கே பொருத்த வேண்டாம். தனியார் கம்பெனிக்குக் கைதியை வாடகைக்கு விடும் முறை இங்கே வேர் பிடிக்கவில்லை. 1930இன் சர்வதேசக் கட்டாய உழைப்பு உடன்படிக்கையும் அதைத்தான் தடுக்கிறது: தண்டனை பெற்றவரை அரசின் மேற்பார்வையில் வேலை வாங்கலாம், தனியாரிடம் ஒப்படைக்கக் கூடாது. இந்தியா 1954இல் அதை ஏற்றுக்கொண்டது. சிறை பங்க்குகள் இந்தியன் ஆயிலோடு சேர்ந்து நடப்பவை, அது பொதுத்துறை நிறுவனம். நாளை ஒரு தனியார் கம்பெனி சிறைக்குள் ஷெட் கேட்டு வந்தால், அன்று நாம் இந்த உடன்படிக்கையைக் கையில் எடுக்க வேண்டும்.

நம் நோய் வேறு. லாபத்துக்காகச் சிறையை நிரப்புவது இங்கே நடக்கவில்லை. 2022 முடிவில் நாடு முழுக்கச் சிறையில் இருந்தவர்களில் 100க்கு 75 பேருக்கும் மேல் விசாரணைக் கைதிகள். அவர்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க சட்டமே இல்லை. இங்கே கைதியின் உழைப்பைத் தின்பது சாதியும் அதிகாரமும்.

2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவர் ஒரு பத்திரிகையாளர். பல மாநிலச் சிறைக் கையேடுகளில் சமையலுக்கு இந்தச் சாதி, கக்கூஸ் கழுவ இந்தச் சாதி என்று எழுத்திலேயே இருப்பதை வெளியே கொண்டுவந்தார். நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. நம் பாளையங்கோட்டை சிறையில் சாதிவாரியாக அடைப்பதும் அந்த வழக்கில் பேசப்பட்டது. ஒன்பது மணி நேரம் கூலியோடு தறி ஓட்டுபவனும் கைதிதான், பிறந்த சாதிக்காக மலம் அள்ளச் சொல்லப்படுபவனும் கைதிதான். இரண்டையும் "சிறை உழைப்பு" என்ற ஒரே பெயரில் பேசினால், நமக்கு ஒன்றும் புரியாது.

அதே 2024இல் வேலூர் விவகாரம். ஆயுள் கைதி ஒருவரைச் சிறை உயரதிகாரியின் வீட்டு வேலைக்கு அனுப்பியதாகவும், அங்கே பணம் திருடியதாகச் சொல்லி அடித்துத் தனியறையில் அடைத்ததாகவும் புகார். மகனைப் பார்க்க விடவில்லை என்று தாய் மனுப் போட்டார். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு சிபிசிஐடி வழக்குப் பதிவானது, அதிகாரிகள் சஸ்பெண்ட் ஆனார்கள். ஒரு தாய் ஆட்கொணர்வு வரைக்கும் வரவில்லை என்றால் அந்த வீட்டில் யார் பாத்திரம் கழுவினார் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

பழைய வார்டர் | புதன், இரவு 8.30

வக்கீல் சார் சொன்ன கடைசி விஷயத்துக்கு நான் பதில் சொல்லியாகணும். அதிகாரி வீட்டுக்கு ஆள் அனுப்புறது எங்க காலத்துலயும் இருந்துச்சு. தோட்டத்துக்கு, மாட்டுக்கு, துணி துவைக்க. கேட்டைத் திறந்து விட்டவங்கள்ல நானும் ஒருத்தன். பதிவேட்டுல "தோட்ட வேலை"ன்னு எழுதுவோம். அன்னிக்கு எனக்கு அது தப்பாவே படல, அதுதான் இப்ப எனக்கு வருத்தம்.

இன்னொண்ணு. வ.உ.சி. கோயம்புத்தூர் ஜெயில்ல செக்கு இழுத்ததை நாம எல்லாரும் பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கோம். மாடு இழுக்குற செக்கை ஒரு வக்கீலை இழுக்க வச்சாங்க. அங்க எண்ணெய் யாருக்கு வேணும்? அவர் முதுகு ஒடியணும், அதுக்குத்தான் செக்கு. அதைக் கொடுமைன்னு படிக்கிறோம், சிலை வைக்கிறோம். ஆனா அந்த வெள்ளைக்காரன் எழுதின 1894 சிறைச் சட்டத்தை வச்சுத்தான் நான் 31 வருஷமும் வேலை பாத்தேன். செக்கு போயிடுச்சு, புத்தகம் அப்படியே இருந்துச்சு.

மாத்த முடியும்கறதுக்கும் சாட்சி இருக்கு. சிவகங்கை பக்கம் புரசடை உடைப்புல திறந்தவெளிச் சிறை. சுத்தி உயர மதில் இல்ல. கைதிங்களே விவசாயம் பாக்குறாங்க. ஓடணும்னா ஓடலாம், பெரும்பாலும் ஓடுறதில்ல. ராஜஸ்தான்ல சாங்கானேர்ல குடும்பத்தோடவே இருந்துக்கிட்டு, வெளிய போய் வேலை பாத்து, சாயந்திரம் ஆஜர் குடுக்குறாங்க.

வடசென்னைக்காரி | வியாழன், அதிகாலை 12.40

எல்லாத்தையும் படிச்சேன். இங்க பேசாத ஒரு ஆள் நான்.

எங்க அண்ணனைக் கொன்னவன் உள்ள இருக்கான். ஒன்பது வருஷமாச்சு. அண்ணன் போன பிறகு அண்ணியும் ரெண்டு பிள்ளைகளும் எங்களோடதான்.

தறிக்காரர் மகள் எழுதினதைப் படிச்சப்ப முதல்ல கோவம் வந்துச்சு. வலையில கை வைக்க உனக்கு ஒரு கை இருந்துச்சேன்னு. அப்புறம் அழுதேன். நீ எழுதினதுல பொய் இல்லம்மா.

நேர்மை அண்ணன் மாதிரி நிறையப் பேர் எங்க பேரைச் சொல்லித்தான் பேசுறாங்க. பாதிக்கப்பட்டவங்களுக்கு ஆறுதலா இருக்கும்னு. அவன் கல் உடைச்சாலும் எனக்கு ஆறுதல் இல்ல, சும்மா படுத்திருந்தாலும் இல்ல. அவன் என்ன செய்றான்னு நான் நினைக்கிறதே இல்ல, நினைச்சா என்னால வேலைக்குப் போக முடியாது.

ஆனா இங்க படிச்சுத்தான் தெரியுது, அவன் கூலியில ஒரு பங்கு பாதிக்கப்பட்டவங்களுக்குன்னு பிடிக்கிறாங்கன்னு. ஒன்பது வருஷத்துல எங்களுக்கு ஒரு கடுதாசி வரல. ஒரு பைசா வரல. இப்படி ஒரு நிதி இருக்குன்னு கோர்ட்லயும் ஸ்டேஷன்லயும் யாரும் எங்க அண்ணிகிட்ட சொல்லல. அந்தப் பணம் வேணும்னு நான் கேக்கல. அவன் காசுல என் அண்ணன் பிள்ளைக்குச் சட்டை வாங்க எனக்கு மனசு வருமான்னு தெரியல. அதை முடிவு பண்ண வேண்டியது அண்ணி. ஆனா என் அண்ணன் சாவைச் சொல்லி ஒருத்தன்கிட்ட காசு பிடிச்சு, அது எங்கயோ கிடக்குதுன்னா, அது என் அண்ணனுக்குச் செய்ற அவமரியாதை. அவனுக்கும் அநியாயம், எங்களுக்கும் அநியாயம். அவனும் நானும் ஒரே பக்கம் நிக்கிற மாதிரி ஒரு விஷயம் இருக்கும்னு நான் நினைச்சுக்கூடப் பாத்ததில்ல.

தறிக்காரர் மகள் | வியாழன், காலை 6.10

அக்கா, நீங்க எழுதினதை அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் எதுவும் பேசல. "நம்மகிட்ட பிடிச்சது அந்த வீட்டுக்குப் போயிருக்கும்னு நினைச்சுத்தான் இத்தனை நாள் நிம்மதியா இருந்தேன்"னார்.

நேர்மை_நேர்மை | வியாழன், காலை 10.25

நான் முதல்ல எழுதினதைத் திருத்திக்கிறேன். தண்டனை வேணும்னு இப்பவும் சொல்றேன். கடுங்காவல்னா வேலை செய்யட்டும். ஆனா ஜட்ஜ் எழுதின தண்டனை சிறைதான், கூலியைக் கண்ணுல காட்டாம வச்சுக்கிறது எந்தத் தீர்ப்புலயும் எழுதல. முழுக் கூலியை அவன் கையெழுத்துப் போட்டு வாங்கட்டும், அப்புறம் சட்டப்படி என்ன பிடிக்கணுமோ ரசீது குடுத்துப் பிடிங்க. அந்த ரசீதுல ஒரு நகல் இந்தத் தங்கச்சி வீட்டுக்கும் போகணும். சாப்பாட்டுக்குப் பிடிக்கிறது எனக்கு இப்ப சரியாப் படல. வேலை செய்யாதவனுக்குச் சும்மா போடுற சோறு, செய்றவனுக்கு மட்டும் காசுக்குன்னா எவன் ஒழுங்கா வேலை செய்வான்?

கறுப்புக் கோட்டு | வியாழன், மாலை 7.15

இழையைத் தொடங்கியவர் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. அவர் என்ன கூலி வாங்குகிறார்? நான் ஒரு தொகையைச் சொல்லலாம், ஆனால் அரசாணையில் எழுதியது ஒன்று, கைதி கணக்கில் ஏறியது ஒன்று. இரண்டாவதைத் துறைதான் சொல்ல வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எழும்பூரில் உள்ள சிறைத்துறைத் தலைமை அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத்தாள் மனு. கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். தனிப்பட்ட கைதி யாருடைய பெயரையும் கேட்காதீர்கள், மறுத்துவிடுவார்கள். மொத்தக் கணக்காகக் கேளுங்கள்: புழல் சிறை பங்க்குகளில் வேலை செய்யும் கைதிகளுக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு, அதில் எந்தெந்தத் தலைப்பில் எவ்வளவு பிடிக்கப்படுகிறது, கைதிக்குக் கூலிச் சீட்டு தரப்படுகிறதா, தரப்பட்டால் மாதிரிப் படிவத்தின் நகல், பாதிக்கப்பட்டோர் நிதியில் கடந்த ஐந்து ஆண்டில் சேர்ந்தது எவ்வளவு, எத்தனை குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டது, அந்தக் குடும்பங்களுக்கு எப்படித் தகவல் சொல்லப்படுகிறது.

வடசென்னைக்காரி அவர்களுக்கு: உங்கள் அண்ணி பெயரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீட்டு மனு தனியாகப் போட வழி இருக்கிறது. தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டியிருக்கும். கட்டணம் இல்லாமல் நானே எழுதித் தருகிறேன், உள்பெட்டியில் பேசுங்கள்.

புழலேரிக்கரை | வெள்ளி, இரவு 9.45

மனு எழுதிட்டேன் சார், நீங்க சொன்ன கேள்வி எல்லாம் அப்படியே. இன்னிக்கு காலைல அதே பங்க்குக்குத்தான் போனேன். அதே அண்ணன். "ஜீரோ பாத்துக்கங்க"ன்னார். பாத்தேன்னு சொன்னேன். வேற எதுவும் கேக்கல, நன்றிண்ணேன்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன். தலையாட்டினார்.

தபால்ல போடுறதுக்கு முன்னாடி, வேற யாருக்காவது சேர்க்க ஏதாவது இருக்கா?

தறிக்காரர் மகள் | வெள்ளி, இரவு 10.05

ஒண்ணே ஒண்ணுண்ணா. ஞாயித்துக்கிழமைக்கும், தறி ரிப்பேர் ஆகி வேலை இல்லாத நாளுக்கும் சாப்பாட்டுக்குன்னு கூலியில பிடிக்கிறாங்களான்னு கேளுங்க. அப்பா அட்டையில அந்த நாளுக்குக் கோடு இல்ல, வட்டம் போட்டிருக்கார்.

புழலேரிக்கரை | வெள்ளி, இரவு 10.12

கடைசிக் கேள்வியா சேர்த்துட்டேன். நாளைக்குக் காலைல ஸ்பீட் போஸ்ட்.